அடுத்த சீசனில் கிளம்புகிறவர்

பினாங்கிலிருந்து லங்காவிக்குப் போனது மச்சானைப் பார்க்க. அங்கே படகுப் பட்டறையில் அவனுக்கு ஃபைபர் ஒட்டுகிற வேலை. "சாயங்காலம் பாய்க்கப்பல்காரங்க ஒண்ணு கூடுறாங்க, வாங்க மச்சான். ஒரு சட்டி கறி மட்டும் எடுத்துக்கிட்டாப் போதும்" என்றான்.

தெலாகா துறைக்குப் பக்கத்துக் கடற்கரை. கூடியிருந்தவர்கள் படகையே வீடாக்கிக்கொண்டு உலகம் சுற்றுகிறவர்கள். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும். தட்டு, கரண்டி, நாற்காலி, சரக்கு எல்லாம் அவரவர் பொறுப்பு. வெறுங்கையோடு போய்ச் சாப்பிட்டுத் தாம்பூலப் பையோடு திரும்புகிற நமக்கு இது புதுசு. 1987 முதல் லங்காவி வரியில்லாத் தீவு என்பதால் சரக்குக்கு மட்டும் குறைவில்லை.

நம்மவர்கள் கூடினால் "எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள?" என்பார்கள். இங்கே முதல் கேள்வி "எத்தனை அடி?" நான் ஐந்தடி ஆறங்குலம் என்றேன். படகின் நீளத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

புயல், திமிங்கிலம், நடுக்கடல் நிலா என்று ஏதாவது காதில் விழும் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழிவறை பம்பைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் பேட்டரி. அப்புறம் அரிசியில் வண்டு. அதன் பிறகுதான் கேப்டன் வந்தார்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு கேப்டன் கட்டாயம் உண்டு என்கிறான் மச்சான். எழுபதை ஒட்டிய வயது. வெயிலில் வெந்து கருவாடாகிப்போன கழுத்து. வெளுத்த சட்டை, வெறுங்கால், இடுப்பில் மடக்குக் கத்தி, விரல் நகங்களில் பெயராத எபாக்ஸிப் பசை. உட்கார்ந்ததும் நங்கூரத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஆழம் ஐந்து மீட்டர் என்றால் சங்கிலி இருபத்தைந்து மீட்டர் விட வேண்டுமாம். கலப்பைக் கொழு போலிருக்கும் சி.க்யூ.ஆர். நங்கூரத்தை 1933-இல் உருவாக்கியவர் ஜி.ஐ. டெய்லர் என்ற இயற்பியல் அறிஞராம். "அதெல்லாம் பழசு, இப்ப வர்றதுதான் மண்ணைக் கவ்வும்" என்று ஒரு இளைஞன் சொல்ல, தேர்தல் நேரத்து டீக்கடை தோற்றது.

மச்சான் என் காதில் சொன்னான்: "இவரு நங்கூரத்தைத் தூக்கி ஆறு வருஷமாச்சு."

கேப்டன் லங்காவிக்கு வந்தது 2009-இல். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஜனவரி, பிப்ரவரியில் கிளம்பி, இலங்கையைத் தொட்டு, செங்கடல் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போவதாகத் திட்டம். திட்டத்தில் ஒரு பழுதும் இல்லை, பழுதெல்லாம் உலகத்தில்தான். முதலில் சோமாலியக் கடற்கொள்ளையர். 2011-இல் படகோடு பிடிபட்ட நான்கு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. கொள்ளையர் தொல்லை அடங்கியபோது எஞ்சினில் கோளாறு. எஞ்சினைச் சரிசெய்தபோது கொரோனா. துறைமுகங்கள் திறந்து, பாயெல்லாம் தைத்து முடித்தபோது 2023 கடைசியில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகலாமே என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில், நாற்பதைத் தாண்டிய மாப்பிள்ளையிடம் "அந்தப் பொண்ணையே கட்டியிருக்கலாமே" என்று கேட்டுவிட்டது போலாயிற்று.

விசா தொண்ணூறு நாள். அது முடியும்போதெல்லாம் பக்கத்துத் தாய்லாந்துக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு வருகிறார். எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஃபெரியில். ரொம்ப ஆட்டுகிறது, வயிற்றைப் புரட்டுகிறது" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

மறுநாள் காலை ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தம் படகைக் காட்டினார். முப்பத்தெட்டு அடி. இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு நடுவில் ஒற்றை உடலோடு நிற்கிறது. "கேட்டமரான்காரர்களுக்குக் கடல் தெரியாது" என்றார். கட்டுமரம் எங்கள் சொல் என்று சொல்ல வாயெடுத்து, இவர் அதற்கும் பதில் வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். நீர்மட்டத்துக்குக் கீழே கொட்டலசு கையகலத் தடிமனுக்கு ஒட்டியிருந்தது. மேல்தளத்தில் வாளி நிறைய மிளகாய்ச் செடி, காய்த்துக் குலுங்கியது. பாயைச் சுருட்டி மூடியிருந்த உறைக்குள் கீச்கீச்சென்று சத்தம். மைனா குஞ்சு பொரித்திருந்தது.

"பறக்கட்டும். அப்புறம் பாயை விரிக்கலாம்" என்றார் மெதுவாக, குஞ்சுகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்பது போல.

ஆளைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. ஆனால் உள்ளே போனதும் சிரிப்பு அடங்கிவிட்டது. மேசை மேல் இந்துமாக்கடல் வரைபடம் விரித்துக் கிடந்தது. லங்காவியிலிருந்து இலங்கைக்குப் பென்சிலில் ஒரு கோடு. வருஷா வருஷம் அழித்து அழித்துப் போட்டதில் அந்த இடத்தில் காகிதம் நைந்து ஓட்டையாகியிருந்தது.

கிளம்பும்போது படகின் படம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார். முந்தின ராத்திரி நான் கொண்டுபோன மீன் கறியில் கிடந்த இலை எது என்று விசாரித்தார். கறிவேப்பிலை என்றேன். தொட்டியில் வளருமா, ஒரு கன்று கிடைக்குமா என்றார். தழைத்துப் பறிக்கிற அளவுக்கு வர இரண்டு மூன்று வருஷமாகுமே என்றேன்.

"பரவாயில்லை" என்றார். "வைக்கிற இடத்தில் வெயில் போதுமா?"