வண்டியை ஓரங்கட்டு!

மாவனல்லைப் பக்கம் வண்டிகளை மறித்து நிறுத்தும் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பு–கண்டி வீதியில் அதைப் பெரிய அளவில் நடத்தியவர் உதுவன்கந்தையின் சரதியல். அவர் தண்டப் பத்திரம் எழுதியதில்லை. வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்ததுமில்லை. பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று ஊர் சொல்லும். 1864 மார்ச் 21ஆம் திகதி அவரைப் பிடிக்கப்போன இடத்தில் கான்ஸ்டபிள் சபான் சுடப்பட்டு இறந்தார். இலங்கையில் கடமையின்போது உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் என அவரைத்தான் சொல்கிறார்கள். பொலிஸ் வீரர்களை இன்றும் மார்ச் 21இல் நினைவுகூர்வது அதனால்தான். அதே ஆண்டு மே 7ஆம் திகதி சரதியல் கண்டியில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் அந்த வட்டாரத்தில் வண்டி நிறுத்தும் உரிமை முழுவதும் பொலிஸார் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த உரிமையின் மகிமை, மாவனல்லையிலிருந்து அரநாயக்கவுக்கு ஏறும் ஆட்டோக்காரரைக் கேட்டால் தெரியும். எதிரே வரும் வண்டி லைட்டை இரண்டு தரம் அடித்தால் போதும், ஆட்டோவுக்குள் ஒரு நிர்வாகச் சீர்திருத்தமே நடக்கும். முன் சீட்டில் சாரதியோடு ஒட்டிக்கொண்டிருந்த மச்சான் பின்னால் தாவுவார். கணக்குக்கு மேல் ஏறியவர், "தம்பி, நான் இதிலயே இறங்கி நடக்கிறன்" என்று திடீரென உடற்பயிற்சியில் நாட்டம் கொள்வார். சாரதி சட்டைப் பொத்தானைப் போடுவார், பாட்டைக் குறைப்பார், முருகனை நினைப்பார். வளைவைத் தாண்டிப் பார்த்தால் ஒரு பொலிஸும் இருக்காது. எதிரே வந்தவர் தெரிந்த முகத்துக்குச் சும்மா வணக்கம் சொல்லியிருப்பார்.

பொலிஸ் இருந்தால் உரையாடல் இப்படிப் போகும்.

"லைசன்?"

"இருக்கு சேர்."

"இன்சூரன்ஸ்?"

"இருக்கு சேர்."

"ரெவனியூ லைசன்?"

"முந்தாநாள்தான் முடிஞ்சது சேர். சம்பளம் போட்டதும் எடுத்துருவன்."

பிரேக்கைப் பற்றிய கேள்வி இதில் வருவது அபூர்வம். பிரேக்குக்குப் பத்திரம் கிடையாது அல்லவா?

இடத்திலேயே தண்டம் விதிக்கக்கூடிய குற்றங்கள் என்று 2018இல் வந்த பட்டியலில் 33 இனங்கள் உள்ளன. வேகமாக ஓட்டுவதும் அதில்தான், இலக்கத்தகடு சரியில்லாததும் அதில்தான். வழமையான நடைமுறையில் பொலிஸ்காரர் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுப்பார். 14 நாளுக்கு அந்தத் தாள்தான் லைசன். அதற்குள் தபால் கந்தோரில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையம் போய் அட்டையை மீட்க வேண்டும். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பு. அதற்கும் மேல் போனால் நீதிமன்றம்.

தோட்டத்து மேற்பிரிவிலிருந்து தபால் கந்தோருக்கு இறங்கி, அங்கிருந்து பொலிஸுக்குப் போய், திரும்ப மலையேறுவதற்குள் பொழுது போய்விடும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயானது. ஹெல்மட் போடாததற்கு 1,000 ரூபாய் தண்டம். அதைக் கட்டப் போனவருக்கு அன்றைய பேரும் விழாது, கூலியும் கிடையாது. தண்டம் ஒன்று, தண்டனை இரண்டு.

கைபேசியிலேயே அரசாங்கத்தின் 'கவ்பே' சேவை மூலம் பணம் கட்டி, நின்ற இடத்திலேயே அட்டையைத் திரும்பப் பெறும் முறை 2025இல் குருநாகல்–அநுராதபுரம் வீதியில் பரிசோதனையாக ஆரம்பமானது. நல்ல ஏற்பாடு. மலையில் அதற்கு முதலில் சிக்னல் கிடைக்க வேண்டும்.

அதே 2025 ஜனவரியில் அரசாங்கத்தின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் வந்தது. அனுமதியில்லாத அலங்காரங்களைக் கழற்றும்படி பஸ்களையும் முச்சக்கர வண்டிகளையும் பொலிஸார் பிடிக்கத் தொடங்கினார்கள். கலர் லைட், ஊரை எழுப்பும் ஹோர்ன், வண்டியில் இருந்த மேலதிகச் சாமான் எல்லாம் சந்தேக நபர்களாயின. நம்மூர் ஆட்டோவின் முன்கண்ணாடி பூஜையறை மாதிரி: ஒரு பக்கம் மயிலிறகு, மறுபக்கம் எலுமிச்சை, நடுவில் கதிர்காமக் கந்தன், பக்கத்தில் புத்தர், சமரசத்துக்குச் சிவாஜி ராவ் என்ற ரஜினி. வீதியைப் பார்க்க மீதமிருக்கும் இடத்தில்தான் ஓட்டம். பஸ் சங்கங்களும் ஆட்டோ சங்கங்களும் கொதித்தெழ, பிறகு கால அவகாசம் கொடுக்கப்பட்டது.

கண்ணாடியில் தொங்கும் சாமானுக்காக வண்டியை மறிப்பதா என்ற விவாதம் அமெரிக்காவிலும் நடந்தது. பிலடெல்பியா மாநகரசபை 2021 அக்டோபரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் உறுப்பினர் ஐசயா தோமஸ். சில்லறைக் குற்றங்களை மட்டும் காரணம் காட்டி வண்டியை நிறுத்தக்கூடாது என்று அது எட்டு வகைகளைச் சொன்னது: கண்ணாடியில் தொங்கும் பொருள், எரியாத ஒற்றை லைட், அடிபட்ட பம்பர், பதிவு முடிந்து 60 நாள் தாண்டாதது என்று போகிறது பட்டியல். குற்றம் குற்றம்தான், தண்டச்சீட்டு தபாலில் வரும். கறுப்பின மக்களே அளவுக்கு மீறி நிறுத்தப்படுகிறார்கள் என்ற கசப்பிலிருந்து பிறந்த சட்டம் அது. இங்கே நிறம் கேட்கப்படுவதில்லை, சில்லுதான் எண்ணப்படுகிறது என்பது ஆட்டோக்காரர்களின் மனக்குறை. கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வீ-எய்ட் ஜீப் வந்தால் நிறுத்தக் காட்டிய கை தானாக சல்யூட்டாக மாறிவிடும் என்பார்கள்.

அதற்காகப் பிலடெல்பியாவின் பட்டியலை அப்படியே கொண்டுவந்து அரநாயக்கவில் ஒட்ட முடியாது. நேரான நகர வீதியில் ஒரு லைட் எரியாவிட்டால் பெரிய குடி முழுகாது. பனிமூட்டத்தில், கொண்டை ஊசி வளைவில், முன்னால் போகும் லொறியின் பிரேக் லைட் எரியாவிட்டால் பின்னால் வருபவருக்கு முருகன்கூட உத்தரவாதமில்லை. இந்த நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். 2025 மே 11 அதிகாலை கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் கொத்மலை கரண்டியெல்லவில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மலைநாட்டு வீதியில் பொலிஸ் சோதனை வேண்டும். சோதிக்க வேண்டியதைச் சோதிக்கும் சோதனை வேண்டும்.

ஆகவே அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். வீதிக் குற்றங்களை இரண்டு கட்டாகப் பிரியுங்கள். ஆளைக் கொல்லக்கூடியதெல்லாம் ஒரு கட்டு: குடி, வேகம், தேய்ந்த டயர், பிடிக்காத பிரேக், அளவுக்கு மிஞ்சிய ஆள். அதற்கு எந்த வளைவிலும் மறியுங்கள், வீ-எய்ட்டையும் சேர்த்து. மற்றதெல்லாம் தாள் சம்பந்தப்பட்டது. ரெவனியூ லைசன் எப்போது முடிகிறது என்பது அதைக் கொடுத்த மாகாண அலுவலகத்தின் கணினிக்கே தெரியும். அதற்கு ஒரு கடிதம் போதும், தமிழிலும் எழுதி அனுப்பினால்.