சுண்ணாம்பு தடவிய கலயம்

ஒரே பனை, ஒரே பாளை, சொட்டுவதும் ஒரே நீர்தான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் அக்கானி என்கிற பதநீர் இறங்கும், தடவாமல் கட்டினால் கள் இறங்கும். அதியன்னூர், அமரவிளை, பாறசாலை என்று நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தெற்கு ஓரத்தில் பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் பேசி, இன்று ஐம்பதைத் தாண்டி நிற்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதை இல்லாத பீர் என்று இப்போது பச்சை டின்னிலும் நீல டின்னிலும் வந்து இறங்குகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுண்ணாம்புதான் நினைவுக்கு வருகிறது.

மாசி பிறந்து பனி விலகி, வெயில் உறைக்கத் தொடங்கும் நாள்களில் எங்கள் விளையில் பனையேறும் பாட்டா இருட்டு கலையும் முன்பே வந்துவிடுவார். பனையேறுகிற முதியவர்கள் எல்லாருமே எங்களுக்குப் பாட்டாதான். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார், தோளில் முருக்குத்தடி. மரத்தில் ஏறி, பாளையின் நுனியை ஒரு தாள் கனத்துக்குச் சீவிவிட்டு, நிறைந்த கலயத்தை அவிழ்த்து இறக்கி, வேறு கலயம் கட்டிவிட்டு வருவார். மாலையிலும் அதே ஏற்றம், அதே சீவல். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், நீர் நின்றுவிடும். அதனால் காய்ச்சல் கண்டாலும், வீட்டில் துக்கம் நடந்தாலும், கோயில் கொடை வந்தாலும் பனையேறிக்கு விடுப்பு கிடையாது.

கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் கையை மறந்திருக்க மாட்டார்கள். நீர்த்த சுண்ணாம்பை மூன்று விரலில் தொட்டு, கலயத்துக்குள் கையை விட்டு, அடியிலிருந்து வாய்வரை ஒரே சுற்றாகத் தடவி எடுப்பார். குறைந்தால் விடிவதற்குள் நீர் புளித்து நுரைக்கும். கூடினால் நாக்கு வெந்து, குடித்தவன் மறுநாள் வரமாட்டான். அளவுகோல் எதுவும் இல்லாமல் அவர் விரலுக்கு அது தெரிந்திருந்தது. பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீரில் காற்றிலிருக்கும் ஈஸ்ட் விழுந்து, சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும் என்பதும், சுண்ணாம்பின் காரத்தில் அந்த ஈஸ்ட் பெருக முடியாது என்பதும் கல்லூரியில் வேதியியல் படித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த அன்று பாட்டாவின் மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்காயிற்று.

பச்சைப் பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் அவர் ஊற்றித் தரும் அக்கானியைக் குனிந்து குடித்தால் முதலில் ஓலை மணக்கும், பிறகு இனிப்பு, அதற்கும் பிறகு நாக்கின் ஓரத்தில் சுண்ணாம்பின் லேசான சுறுசுறுப்பு. சில நாள் தேனீ ஒன்று மிதக்கும். ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்போம். பச்சை மாங்காயை நறுக்கிப் போட்டுக் குடித்தவர்களும், நுங்கை வழித்துப் போட்டுக் குடித்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். மிச்சம் அடுப்பேறிக் காய்ந்து, சிரட்டையில் உறைந்து, கருப்பட்டியாகிச் சந்தைக்குப் போகும். காய்ச்சும் நாளில் பாகின் மணம் தெரு முழுக்க நிற்கும். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட கால்கள் அந்த அடுப்படியில் ஒருமுறை நின்றுதான் போகும்.

சாலைக்கு அந்தப் பக்கம் கள்ளுஷாப்பு. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, உள்ளே மரச்சீனிக் கிழங்கும் எரிவுள்ள மீன்கறியும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள்ளுக்கடைகள் மூடப்பட்டுவிட்டன. கேரளத்தில் கள் சட்டப்படி விற்கும் பொருளாகவே தொடர்ந்தது. களியக்காவிளையில் ஒரு கோட்டைக் கடந்தால் குற்றம் குற்றமல்லாமல் ஆகிவிடும் என்பதால், பஸ் ஏறி இந்தப் பக்கம் வந்து குடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போன ஆண்களில் எத்தனை பேருடைய சம்பளம் வீடு வந்து சேரவில்லை என்பது அந்த வீடுகளின் பெண்களுக்குத் தெரியும். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் இனிப்பாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை.

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில்தான் அருவிப்புறம். 1888இல் நாராயண குரு ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனை நிறுவிய இடம். கள்ளிறக்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்த தம் மக்களைப் பார்த்தே, மதுவை உண்டாக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சோற்றுக்கு வேறு வழி தெரியாத ஒரு கூட்டத்திடம் அதைச் சொல்ல எவ்வளவு அன்பும் எவ்வளவு துணிவும் வேண்டும்! காந்தி அந்த வழியைத் தேடித்தான் புளிக்காத நீராவையும் பனைவெல்லத்தையும் தூக்கிப்பிடித்தார். மரமேறுகிறவன் மரமேறியே பிழைக்கட்டும், கலயத்துக்குள் இருப்பது மட்டும் மாறட்டும் என்ற எண்ணம் அது. எங்கள் பாட்டாவுக்கு இவை ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக்குள் முதல் 'போதையில்லா பீர்' வந்தது. சவுதிக்குப் போயிருந்த மாமா விடுமுறைக்கு வந்தபோது, கோடாலித் தைலம், டேப் ரிக்கார்டர், வாசனை சோப்பு இவற்றோடு பெட்டிக்குள்ளிருந்து பார்பிகன் பாட்டில்களை எடுத்தார். அம்மா முகம் கறுத்துவிட்டது. "அக்கா, பயப்படாத. இது வெறும் மால்ட். அங்க இதான் எல்லாரும் குடிக்கது, பிள்ளைகளும் குடிக்கும்" என்று அவர் சொல்லச் சொல்ல, அம்மா பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, நம்பாமலே அனுமதித்தார். மது முழுக்கத் தடைசெய்யப்பட்ட நாட்டில், பீரின் நிறமும் நுரையும் கசப்பும் மட்டும் கொண்ட ஒரு பானம் பரவி, அது நெய்யாற்றின்கரை வரை வந்து சேர்ந்திருந்தது. நானும் மச்சான்மாரும் கிணற்றடியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் பங்கிட்டு, பெரியவர்களாகிவிட்டோம் என்ற நிமிர்வோடு அன்று சாயந்திரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பையன்களை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பாசமும் சேர்ந்தே வருகிறது. வேலிக்கு அப்பால் அன்று காலை இறக்கிய அக்கானி சூடாகிக்கொண்டிருந்தது. அதை அன்று யாரும் கேட்கவில்லை.

பிறகு காலம் வேகமெடுத்தது. 1996 ஏப்ரல் முதல் தேதி கேரளத்தில் சாராயக்கடைகள் மூடப்பட்டன. 2014இல் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களை மூடும் கொள்கை வந்தது. மூன்றாண்டில் அது தளர்த்தப்பட்டது. கூடவே எங்கள் நிலமும் மாறியது. பனை நின்ற விளைகள் ரப்பராயின, மனைகளாயின. வெட்டிய பனைகள் செங்கற்சூளைக்குப் போயின. பனையேறிகளின் பிள்ளைகள் கொத்தனாராக, ஓட்டுநராக, வளைகுடாத் தொழிலாளியாகப் போனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மழையில் வழுக்கும் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து பாயோடு கிடந்தவர்களைப் பார்த்தவன் நான். என் நாக்குக்கு ருசி வேண்டும் என்பதற்காக இன்னொருவன் பிள்ளை அந்த மரத்தில் ஏற வேண்டும் என்று கேட்க மாட்டேன். ஏறத் துணிந்தவனுக்கும் நல்ல கூலியும், பாதுகாப்பான ஏறுகருவியும், கள் இறக்குகிறாயா என்று மிரட்டாத ஒரு சட்டமும் நாம் கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சென்ற ஆண்டு உறவில் ஒரு கல்யாணம். முந்தின நாள் ராத்திரி பந்தலுக்குப் பின்புறம் ஆண்கள் வட்டம் கூடியது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அந்த வட்டத்துக்கு இடம் தனியாக ஒதுக்கவே வேண்டாம், தானே அமைந்துவிடும். அக்கா மகன் அதன் நடுவில் ஒரு டின்னோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "மாமா, இதுல ஒண்ணும் கெடையாது, சீரோ. விடியக்காலம் நாந்தான் பொண்ணு வீட்டுக்கு வண்டி ஓட்டணும்" என்றான். "இரி மக்களே, குடி" என்று தோளைத் தட்டிவிட்டு நானும் ஒன்றை வாங்கிக் குடித்தேன். கசப்பு இருந்தது, நுரை இருந்தது, வறுத்த தானியத்தின் மணம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

எங்கள் வயதில் அந்த வட்டத்தில் குடிக்காதவனுக்கு இடமில்லை. கையில் கிளாஸ் இல்லாதவனை, "என்னடே, சாமியாராயிட்டியா?" என்று கேட்டுக் கேட்டு, ஒன்று குடிக்க வைப்பார்கள், இல்லையென்றால் எழுந்து போக வைப்பார்கள். எழுந்து போன நல்லவர்கள் நட்பையே இழந்தார்கள். உட்கார்ந்துவிட்ட சிலர் பிறகு எழவே இல்லை. இன்று ஒரு பையன் டின்னைக் கையில் பிடித்தபடி எல்லாருடைய பேச்சிலும் சிரிப்பிலும் கலந்துவிட்டு, தெளிந்த தலையோடு வண்டியெடுக்கிறான். இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

அந்த டின் வந்த வழிதான் நெடியது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, அரை சதவீதத்துக்குமேல் சாராயம் இல்லாத பீரை மட்டுமே விற்கச் சட்டம் விட்டது. கிழக்கு ஜெர்மனியில் 1970களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு பீர் காய்ச்சினார்கள். 2017இல் ஹைனகென் தன் 0.0ஐக் கொண்டுவந்தது; அதையடுத்த ஆண்டுகளில் கிங்ஃபிஷர் ராட்லரும் பட்வைசர் 0.0உம் இந்தியக் கடைகளில் ஏறின. பெரும்பாலும் பார்லியைப் புளிக்கவைத்து நிஜ பீராகவே ஆக்கிவிட்டு, காற்றழுத்தம் குறைந்த கலனில் மிதமான சூட்டில் சாராயத்தை ஆவியாக்கி எடுத்துவிடுகிறார்கள், அல்லது நுண்சவ்வு வழியாக வடித்துப் பிரிக்கிறார்கள். முதலில் போதையை உண்டாக்கி, பிறகு அதை வெளியேற்ற அத்தனை எஃகுக் கலன்கள், அத்தனை மின்சாரம். பாட்டா அந்தப் போதை பிறக்கும் முன்பே மூன்று விரல் சுண்ணாம்பில் தடுத்தார்.

கேரள அரசும் ஒரு முயற்சி செய்யாமல் இல்லை. 2014 வாக்கில் தென்னை நீராவுக்கு விதி வகுத்து, உழவர் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். சுண்ணாம்புக்குப் பதில் பனிக்கட்டிப் பெட்டியில் நீரை இறக்கி, குளிர வைத்து, பாட்டிலில் அடைத்தார்கள். நானும் ஆசையாக வாங்கிக் குடித்தேன். ஆனால் ஏற ஆள் கிடைப்பதும், கெடாமல் கடைவரை கொண்டுசேர்ப்பதும் பெரும்பாடாகி, அந்தப் பாட்டில்கள் நாளாவட்டத்தில் கண்ணில் படாமல் போயின. உயிருள்ள நீர் அது, காத்திருக்காது. டின்னுக்குள் இருப்பதோ மாதக்கணக்கில் காத்திருக்கும். வியாபாரத்தில் காத்திருப்பதுதான் ஜெயிக்கிறது.

டின்னை வாங்குகிறவர்களுக்கு என் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. எல்லா 'ஆல்கஹால் ஃப்ரீ'யும் ஒன்றல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு விதியில் 0.5 சதவீதத்துக்குமேல் இருந்தால்தான் அது மதுபானம். அதற்குக் கீழே துளி இருக்கவும் கூடும். எழுத்தைப் படித்து வாங்குங்கள், சர்க்கரை அளவையும் பாருங்கள். குடியை விட்டு மீண்டவர் வீட்டில் இருந்தால் இதை அவர் கையில் கொடுக்காதீர்கள். அந்தக் கசப்பும் மணமுமே பழைய தாகத்தைத் தட்டி எழுப்பிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் போகிற வழியிலோ, எங்கள் உள்ளூர்ச் சந்துகளிலோ, பங்குனி சித்திரையில் காலை நேரத்தில் யாராவது குடத்தோடு அக்கானி விற்றால் வண்டியை நிறுத்துங்கள். ஓலைப் பட்டை இருந்தால் பட்டையிலேயே கேளுங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். பிள்ளைகளுக்கும் வாங்கிக்கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோனால் உச்சி வெயில் ஏறுமுன் குடித்துவிடுங்கள்.