படிவத்துக்கு எத்தனை வளைவு?

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைக்குத் தக்கபடி போட்ட சாலை அது. நேர்கோடு போடுவோம், பஸ் ஏறினால் ஏறட்டும் என்று எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை. இணையப் படிவம் போடுகிறவர்களுக்குத்தான் அந்தத் துணிச்சல். இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் சட்டகத்தில் படிவத்தை வார்ப்புருவில் ஒரு சொல்லால் அழைத்தால் போதும், மொத்தமும் வந்து கொட்டும்: 2023 டிசம்பரில் வந்த 5.0 பதிப்புக்கு முன்பு அட்டவணையாக, இப்போது டிவ் பெட்டிகளாக. முதற்பெயர், கடைசிப்பெயர், கதவு எண், தெரு. தெருவே இல்லாத சேர்வராயன் மலைக் கிராமத்துக்காரர், இனிஷியலைக் கடைசிப்பெயரில் போட்டு, தெருவுக்கு ஒரு புள்ளி வைத்து நகர்கிறார்.

கட்டங்களைத் தீர்மானிப்பது விதி, வார்ப்புரு என்ன செய்யும் என்பார்கள். பாதி சரி. இனிஷியலுக்குப் பெயரின் முன்னால் சின்னக் கட்டம் வைப்பதும், தெருவைக் கீழே தள்ளி ஊரை மேலே ஏற்றுவதும் தோற்றத்தின் வேலைதானே? அப்படியானால் எச்.டி.எம்.எல்.லைக் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்பது அடுத்த வாதம். எழுதலாம், பிழைச் செய்திக்கு இடம் விட மறந்து, படிவம் ஏன் போகவில்லை என்று விண்ணப்பதாரரை விழிக்கவும் வைக்கலாம். 2021இல் வந்த ஜாங்கோ 4.0, படிவத்துக்கே மாற்றத்தக்க வார்ப்புரு தந்தது, 5.0, லேபிள், உதவிக்குறிப்பு, பிழை, உள்ளீடு நான்கையும் புலம் புலமாகக் கட்டித் தருகிறது. இனியும் கோணலாக வந்தால் ஜாங்கோவைத் திட்டாதீர்கள். வார்ப்புருவைத் தொடாமல் விட்டவரைக் கேளுங்கள்.