முதலில் அழுகுவது முதலில் அடுப்பேறும்

சமையல் திட்டம் என்பது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து வயிறு நிறைந்திருக்கும் வேளையில், வரப்போகும் ஆறு நாள்களின் பசியைக் குறித்து ஒரு குடும்பம் ஏகமனதாக நிறைவேற்றிக்கொள்ளும் தீர்மானமாகும். பசியில்லாதபோது எழுதப்படுவதால் அதில் தாராளம் மிகுதி. எழுதுபவருக்கு அன்று விடுமுறை என்பதால் துணிச்சலும் மிகுதி. திங்கள் அவியல், செவ்வாய் மீன்குழம்பு, புதன் பீர்க்கங்காய்த் துவையல் என்று கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு, ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டப்படும் இந்த ஆவணம், திங்கட்கிழமை மாலைவரை முழு அதிகாரத்துடன் விளங்குகிறது. அதற்குப் பிறகு ஆட்சி சமைப்பவரின் கையைவிட்டு நழுவி, அழுகத் தொடங்கிவிட்ட காய்கறியிடம் போய்ச் சேர்கிறது.

இக்கூற்றைச் சோதித்துப் பார்க்கக் கல்லாறு பொருத்தமான களம். திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, வாமனபுரம் ஆற்றோடு சேரும் கல்லாற்றின் பெயரையே தாங்கி நிற்கும் இந்த மலையடிவாரச் சிற்றூரில் குடியிருந்துகொண்டு தலைநகரில் அலுவல் பார்ப்பவர், விதுரா, நெடுமங்காடு வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் காலையிலும் அதே தொலைவை மாலையிலும் பேருந்தில் கடக்க வேண்டும். ஆகவே அவருக்குக் கடைத்தெரு என்பது போகும் இடமாக இல்லாமல், பேருந்து நிற்கும் இடமாகச் சுருங்கிவிடுகிறது. விலை மலிவும் காய்களின் வகையும் வேண்டுமென்றால், திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய தலைநகரின் சாலைக் கம்போளம் என்னும் சந்தைக்குப் போகலாம். போனால் பேருந்து போய்விடும். வழியில் நெடுமங்காட்டுச் சந்தை இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் அதற்குள் நுழைந்து பொருள் வாங்கவே அய்யன்காளியின் தலைமையில் போராட வேண்டியிருந்த வரலாறு அச்சந்தைக்கு உண்டு என்பதை, அடுத்த பேருந்துக்குள் இரண்டு கிலோ வெங்காயத்தோடு நுழையப் போராடுபவர் நினைத்துப் பார்த்தால் தம் போராட்டத்தைச் சற்று அடக்கியே பேசுவார்.

காலத்தின் இந்தப் பற்றாக்குறைக்குக் கேரளக் காய்கறிக் கடைகள் கண்டிருக்கும் தீர்வு ‘சாம்பார் கிட்’ எனப்படுகிறது. ஒரு வேளைச் சாம்பாருக்கு வேண்டிய காய்கள் அனைத்தையும் சிறிது சிறிதாக ஒரே பொட்டலத்தில் கட்டி விற்பதே இதன் பொருள். பொட்டலத்தைப் பிரித்தால், ஒரு கீற்று மத்தங்காய், அதற்கு இணையான ஒரு துண்டு தடியங்காய் (வெண்பூசணி), ஒரு தக்காளி, நான்கு வெண்டைக்காய், பாதி கேரட், எவ்வகைப் பொட்டலத்துக்கும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முருங்கைக்காய் ஆகியவை கிடைக்கும். இதில் முருங்கைக்காயின் பங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது; விதுராவைத் தாண்டியபின் வரும் ஒவ்வொரு வளைவிலும், நின்றுகொண்டு வரும் பயணியின் விலாவை அது ஒருமுறை விசாரித்துவிட்டுத் திரும்புகிறது. “சேச்சி, முருங்கையக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க” என்ற வேண்டுகோளுக்கு இணங்கித் திருப்பினால், அந்தப் பக்கத்தில் நடத்துநர் நிற்பார். பொட்டலம் சாம்பாருக்கென்று கட்டப்பட்டதே தவிர அன்றிரவு சாம்பார் வைப்பதற்கு யாரிடமும் தெம்பில்லை என்பதால், தக்காளி ரசத்துக்கும் வெண்டைக்காய் மறுநாள் டப்பாச் சாப்பாட்டுக்கும் பிரிந்து போய்விட, தடியங்காய்த் துண்டு மட்டும் யாரும் உரிமை கோராத நிலத்தைப் போல ஃபிரிட்ஜின் அடித்தட்டில் தங்கிவிடுகிறது.

தோசை மாவு இதற்கு நேர்மாறான குணமுடையது, தங்கவே தங்காது. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே உள்ள நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுவதே புளித்தல் ஆகும். இவ்வுயிர்களுக்கு விடுமுறை நாள் கிடையாது. கோடையில் காலை ஏழு மணிக்குக் கலக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனால், வீட்டார் திரும்பும்போது மாவு பாத்திரத்தைவிட்டு இறங்கி, மேடையைக் கடந்து, வரவேற்கும் பாவனையில் பாதி வழி வந்திருக்கும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டாலோ அதே மாவு, அதே பாத்திரத்தில், மூடியைத் திறந்து பார்ப்பவரைப் பார்த்து ஒரு குமிழிகூட விடாமல் கிடக்கும். சமையல் திட்டத்தில் ‘வியாழன்: தோசை’ என்று எழுதுவதற்கு வீட்டாருக்கு உள்ள உரிமை, வியாழக்கிழமை மழை பெய்யக்கூடாது என்று எழுதுவதற்கு உள்ள உரிமையைப் போன்றதே.

மீனும் திட்டத்துக்கு அடங்குவதில்லை. கடற்கரையிலிருந்து பெட்டி கட்டிய இருசக்கர வண்டியில் ஒலியெழுப்பியபடி மலையடிவாரத்துக்கு வரும் மீன்காரர் வரும் நேரம், வீட்டில் ஆளில்லாத நேரமாகவே அமைவது வழக்கம். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளக் கடலில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. 52 நாள் நீடிக்கும் இத்தடைக்காலத்தில் சாளை மீன் கொண்டுவருபவரின் நடையிலேயே நகைக்கடைக்காரரின் மிடுக்கு வந்துவிடுகிறது.

திட்டமிட்டதை விட்டுவிட்டுக் கிடைத்ததை உண்பதற்காக இவ்வீட்டார் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரு நாடே அப்படித்தான் உண்டிருக்கிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரைப் பரப்பினார்; மரவள்ளிக் கிழங்குக்கு இவ்வட்டாரத்திலும் கன்னியாகுமரியிலும் வழங்கும் பெயர் மரச்சீனி. அரிசிக்கு மாற்றாகக் கருதப்பட்ட அக்கிழங்கை மக்கள் மனமுவந்து ஏற்றதைக் காட்டிலும், 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது வயிறு வற்புறுத்தி ஏற்றதே மிகுதி எனலாம். பிறகு 1956 நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்த நாஞ்சில்நாடு இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தது. களஞ்சியம் எல்லைக்கு அப்பால் போக, மரச்சீனி இப்பால் நின்றது. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டி, தேங்காயும் காந்தாரி மிளகாயும் சேர்த்து மசித்தால் இருபது நிமிடத்தில் இராச்சாப்பாடு ஆகிவிடும் இக்கிழங்கைவிட வேலை நாளுக்கு உகந்த உணவு வேறில்லை. வீட்டுக்குப் பின்னால் நட்டுக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் காட்டை ஒட்டிய ஊராகையால், அதைத் தோண்டும் நாளைக் காட்டுப்பன்றியும் தன் திட்டத்தில் குறித்து வைத்திருக்கும். அதன் திட்டம் மட்டும் தவறுவதே இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு, வாரம் முழுவதும் மிஞ்சிய குழம்பும் கூட்டும் பொரியலும் ஒரே சட்டியில் இறங்குகின்றன. விருந்துக்கு மறுநாள் மீந்த கறிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுண்டவைப்பதை நாஞ்சில்நாட்டார் பழங்கறி என்பார்கள். அவியலுக்கும் புளிக்குழம்புக்கும் இடையிலிருந்த பகை அதில் தீர்ந்துவிடுகிறது. எவருடைய பட்டியலிலும் எழுதப்படாத இந்தக் கறியே அவ்வாரத்தின் மிகச் சிறந்த சமையலாக அமைவதும், இரண்டாம் முறை சோறு கேட்கப்படுவதும், “இதை எப்படி வச்சே?” என்று கேட்கும் கணவருக்கு மனைவியால் உண்மையாக விடை சொல்ல முடியாமல் போவதும் வாரந்தோறும் நிகழ்பவை. தடியங்காய்த் துண்டுக்கும் அதில் இடம் கிடைத்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புதிய தாள் எடுக்கப்பட்டு, பழைய பட்டியலைப் பார்த்தே எழுதப்படுகிறது. அதன்படி, இந்தப் புதன்கிழமையும் பீர்க்கங்காய்த் துவையல்.