சுவரொட்டி யாருக்கு?

ஓர் ஆட்டுக்குக் கால் நான்கு, கிட்னி இரண்டு, தலை ஒன்று, சுவரொட்டி ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ராசிபுரத்தில் எங்கள் தெருமுனைக் கறிக்கடை முன்னால் நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர் அந்த ஒன்றுக்காக வந்தவர்கள். மீதிப் பாதி, எப்படியும் கிடைக்காது, கேட்டுத்தான் பார்ப்போமே என்று வந்தவர்கள்.

சுவரொட்டி என்றால் மண்ணீரல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தணலில் சுட்டு மிளகும் உப்பும் தூவித் தின்றால் ரத்தம் ஊறும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அதில் இரும்புச்சத்து நிறைய என்று டாக்டர்களும் சொல்லிவிட்டதால் நம்பிக்கை இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது. ஆகவே கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள், சோகை பிடித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று சகலர் சார்பிலும் ஆளுக்கொரு பிரதிநிதி ஒயர் கூடையோடு வந்து நிற்பார். வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கடைக்கார பாய். வெட்டுகிற கை நிற்காது, விசாரணையும் நிற்காது.

“பாய், மருமவளுக்கு இது ஏழாம் மாசம்.”

“போன வாரமும் ஏழாம் மாசம்னு சொல்லித்தானுங்கம்மா வாங்கிட்டுப் போனீங்க.”

“ஏன், மாசத்துக்கு நாலு ஞாயித்துக்கிழமை வராதா?”

வாதத்தில் குற்றம் சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்கு ஈரலில் ஒரு துண்டு சேர்த்துப் போட்டுச் சமாதானம் செய்துவிட்டு, சுவரொட்டியை பாய் வேறொருவர் பையில் போட்டார். அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஒரு வார்த்தை கேட்காமல் ஓரமாக நின்றிருந்தார். அவர் மனைவிக்கு ஆபரேஷன் ஆகியிருந்த விஷயம் அடுத்த வீட்டுக்காரனான எனக்கே தெரியாது. பாய்க்குத் தெரிந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் சேலம் போகிற வழியில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்தது. உள்ளே போனால் குளிர்ப்பெட்டியில் வரிசையாகத் தட்டுகள், தட்டின் மேல் மெல்லிசான பிளாஸ்டிக் உறை, உறையின் மேல் ஒரு சீட்டு. வெட்டிய தேதி, கெட்டுப்போகும் தேதி, எடை, விலை, பார்கோடு எல்லாம் அதில் இருக்கும். இவ்வளவு விவரம் என் ஆதார் அட்டையில்கூட இல்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவு. நல்லி இல்லை, கொழுப்பு இல்லை, குடல் இல்லை, ஆட்டுக்குத் தலை இருந்ததற்கான தடயமே இல்லை. எதிரே நிற்கிற பையன் நம்மை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எடுத்தோமா, பில் போட்டோமா, வந்தோமா.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் அக்கா மகனுக்கு இதுதான் நாகரிகம். “கறி வாங்கறதுக்கு எதுக்கு மாமா நாலு மணிக்கு எந்திரிக்கிறீங்க? அங்க போய் நின்னா ஈ, ரத்தம், கூட்டம். ஃபோன்ல தட்டினா வீட்டுக்கே வருது” என்பான். ஈ விஷயத்தில் அவனோடு வாதாட முடியாது. மைனஸ் 18 டிகிரிக் குளிரில் எந்த ஈயும் குடும்பம் நடத்தாது. அவன் இன்னொன்றும் சொல்வான்: அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துப்போகும், குளிரில் ஒரு நாள் தொங்கவிட்டால்தான் மறுபடி இளகி மெதுவாகும், வெள்ளைக்காரன் அப்படித்தான் செய்கிறான் என்று. அறிவியல்படி சரிதான். ஆனால் எங்கள் ஊரில் நாலு மணிக்கு அறுத்தது எட்டு மணிக்குக் குக்கரில் கிடக்கும். விறைப்புக்கும் எங்களுக்கும் நடக்கிற போட்டியில் குக்கர் விசில் எங்கள் கட்சி.

கறிக்கடையில் முதல் கேள்வி எத்தனை கிலோ என்பது கிடையாது. “எத்தனை பேருங்க? குழம்பா, வறுவலா?” நாம் பதில் சொன்ன பிறகு என்ன வெட்டுவது என்று அவர் முடிவு செய்வார். நெஞ்செலும்பு வேண்டும் என்று கேட்டால், “நெஞ்செலும்பு ரசத்துக்குங்க. நீங்க வறுவல்னுதான சொன்னீங்க? தொடையில தர்றேன்” என்று திருத்துவார். என் மனைவி போனில் சொல்லி அனுப்பியதற்கும் பாய் போட்டுக் கொடுப்பதற்கும் ஒற்றுமை இருந்த ஞாயிறு அபூர்வம். வீட்டில் ஓர் அதிகாரம், கடையில் ஓர் அதிகாரம். நடுவில் பை தூக்குகிறவன் நான்.

பணம் எல்லோரும் ஒரே விலைதான் கொடுக்கிறோம். ஆனால் ஊருக்குள் ஒருவருக்கு என்ன மரியாதை என்பது கொசுறில் தெரிந்துவிடும். புதிதாகக் குடிவந்தவருக்குக் கழுத்து எலும்பு தாராளமாக விழும். இரண்டு தீபாவளி தாண்டினால் எலும்பு குறையும். பிள்ளைக்குக் காது குத்தி, அதற்குக் கறியும் இதே கடையில் எடுத்திருந்தால், தராசு முள் நேரான பிறகு ஒரு துண்டு கொழுப்பு பறந்து வந்து விழும். ஈரல் துண்டு கேட்காமலே விழுகிறவர்கள் தெருவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பென்ஷன் வாங்கும் தலைமையாசிரியர் ஒருவர், தனக்கு விழும் ஈரலை எல்லோரும் பார்க்கும்படி பையை அகல விரித்துப் பிடிப்பார். சூப்பர் மார்க்கெட் தட்டில் 500 கிராம் என்று போட்டிருந்தால் 500 கிராம்தான் இருக்கிறது. அந்த நேர்மையை வைத்துக்கொண்டு தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

சீனத்துப் பழைய தத்துவ நூலான சுவாங்ட்சுவில் டிங் என்றொரு கறி வெட்டுகிறவர் வருகிறார். அவர் கத்தி எலும்பில் படுவதே இல்லை; மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் புகுந்து போய்விடும். 19 வருஷமாகத் தீட்டாத கத்தி, இப்போதுதான் தீட்டியதுபோல் இருக்கிறது என்கிறார். அரசர் அதைக் கேட்டு, வாழ்கிற கலையைக் கற்றுக்கொண்டேன் என்று நெகிழ்ந்துபோகிறார். டிங் ராசிபுரத்தில் கடை போட்டிருந்தால் அன்றைக்கே சண்டை வந்திருக்கும். எங்களுக்கு எலும்பு உடைய வேண்டும். உடைந்தால்தான் மஜ்ஜை குழம்பில் இறங்கும். பாய் புளியமரக் கட்டையின் மேல் துண்டை நிறுத்தி, இடைவெளி எங்கே என்று தேடாமல், ஓங்கி ஒரே வெட்டு. பல வருஷம் வெட்டு வாங்கி அந்தக் கட்டை நடுவில் குழிந்துபோயிருக்கிறது. கடை சாத்துவதற்கு முன் அதைக் கத்தியால் சுரண்டி, கல் உப்பைத் தேய்த்து, சாக்கு போட்டு மூடிவிட்டுத்தான் போவார். சில்லு எலும்பு பல்லில் அகப்பட்டால் கடைக்காரரைத் திட்டுவது எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சடங்குகளில் ஒன்று.

ஆடு வருகிற இடம் சனிக்கிழமைச் சந்தை. கொங்கணாபுரத்தில் விடிவதற்குள் ஆடு, பந்தயச் சேவல் என்று ஊர் நிறைந்துவிடும். பாயோடு ஒருமுறை நானும் போனேன். அவர் ஆட்டின் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பால் பல்லா, இரண்டு பல் போட்டதா, நாலு பல்லா என்பதில் வயசு வந்துவிடுகிறது. பிறகு முதுகுத்தண்டின் மேல் கை வைத்து இடுப்புவரை ஓர் அழுத்து. “ஒம்பதரை நிக்கும்” என்றார். உயிரோடு நிற்கும் ஆட்டுக்குள் கறி எத்தனை கிலோ என்று சொல்கிற வித்தை அது. உயிர் எடையில் பாதிகூடக் கறியாகத் தேறாது. அந்தப் பாதிக்குள் அரை கிலோ தப்பினாலும் நஷ்டம் அவருக்கு. நான் பக்கத்து ஆட்டின் மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தேன். அது என்னைத் திரும்பிப் பார்த்தது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை.

சந்தையில் சேலம் மாவட்டத்துப் பெருமைகள் இரண்டும் நிற்கும். ஒன்று உடம்பெல்லாம் கறுத்த சேலம் கருப்பு வெள்ளாடு. மற்றொன்று மேச்சேரிச் செம்மறி. கிடாய்க்கும் கொம்பு கிடையாது, உடம்பில் கம்பளிக்குப் பதில் பழுப்பு முடி. மேச்சேரி ஆட்டுக்காகவே பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் தோலுக்குத் தோல் வியாபாரிகளிடம் தனி மதிப்பு. ஆனால் கறிக்கடை வாசலில் நின்று, “வெள்ளாடுதானுங்களே?” என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. கேட்கிறவரில் மேச்சேரிக்காரரும் உண்டு. சந்தேகப் பேர்வழிகளுக்காகவே பாய் வாலை முடியோடு விட்டு ஆட்டைத் தொங்கவிடுகிறார். வாலைப் பார்த்ததும் முகம் தெளிந்து, “அரைக் கிலோ போடுங்க” என்பார்கள்.

கோழிக் கதை வேறு. நாமக்கல் பண்ணைகளில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை விழுகிறது. அதன் விலை நாமக்கல்லில் நிர்ணயமாகி, இத்தனை காசு என்று பேப்பரில் வருகிறது. இந்தியாவில் காசு என்பது இன்னும் உயிரோடு நடமாடுவது முட்டை விலையில் மட்டும்தான். ஆனால் கறிக்கோழிக்கு விலை வைப்பது பல்லடம். கோழியூரில் குடியிருந்துகொண்டு கோழி விலைக்குப் பல்லடத்தைப் பார்க்க வேண்டியிருப்பது எங்கள் தலைவிதி. பள்ளிபாளையம் சிக்கனுக்கு மட்டும் யாரிடமும் கையேந்த வேண்டாம்: சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், தேங்காய்ப் பல்லு, எலும்போடு பொடிப்பொடியாக வெட்டிய கோழி, மசாலாத் தூள் எதுவும் கிடையாது. போன்லெஸ் பாக்கெட்டில் அதைச் செய்து பார்த்த அக்கா மகன், “ஏதோ குறையுது மாமா” என்றான். எலும்பு குறைகிறது என்று நான் சொல்லவில்லை. அவன் அம்மா சொன்னாள்.

கடைக்கு வருஷத்தில் சில நாள் அரசாங்கமே பூட்டுப் போடும். திருவள்ளுவர், வள்ளலார், மகாவீரர், காந்தி ஆகிய நால்வர் பெயரிலும் இறைச்சி விற்பனைக்குத் தடை உண்டு. இதில் வள்ளுவர் கொஞ்சம் கறாரானவர். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவரின் தினம், சரியாக மாட்டுப் பொங்கலன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊரே விருந்தாளிகளோடு நிற்கிற நேரம். காந்தி கடைக்காரர்களுக்கு இணக்கமானவர். புரட்டாசியில் பிறந்தார். அந்த மாதம் எப்படியும் பாதி ஊர் பெருமாளுக்குப் போய்விடும், முட்டை விலைகூடச் சரியும், பாய் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

புரட்டாசி கழிந்ததும் வருகிற தீபாவளிக்கு நாங்கள் கடைக்கே போவதில்லை. சேந்தமங்கலம் பக்கம் எங்கள் பூர்வீக ஊரில் பங்குக் கறி. நாலைந்து குடும்பம் பணம் சேர்த்து இரண்டு கிடாய் வாங்கி, தோப்பில் அறுத்து, வாழை இலையில் கூறு போடுவோம். தராசு கிடையாது. வெட்டுகிறவர் கண்ணளவுதான். ஒவ்வொரு கூறிலும் தொடை, நெஞ்செலும்பு, ஈரல், குடல் எல்லாம் இருக்க வேண்டும். சுவரொட்டியைக்கூடப் புளியங்கொட்டை அளவுக்கு நறுக்கி எல்லாக் கூறிலும் வைப்பார்கள். தலையும் தோலும் வெட்டியவர் கூலி. பிறகு ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்பார். திரும்பி நிற்பவர் வாயில் வருகிற பெயருக்கு அந்தக் கூறு. அப்பீல் இல்லை.

போன தீபாவளிக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து எலக்ட்ரானிக் தராசு ஒன்று கொண்டுவந்திருந்தான். “மாமா, கண்ணளவுல எப்படி சமமா வரும்? நான் நிறுத்துக் காட்டறேன்” என்று ஒவ்வொரு கூறாக வைத்து எண்ணைச் சத்தமாக வாசித்தான். முதல் கூறுக்கும் இரண்டாவதுக்கும் 120 கிராம் வித்தியாசம். தாத்தா காலத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நடந்த பங்கில் அன்றைக்குத்தான் சித்தப்பாவும் பெரியப்பாவும் குரலை உயர்த்தினார்கள். கூறுகளைக் கலைத்துப் போட வேண்டும் என்று ஒரு கட்சி, தராசைக் கிணற்றில் போட வேண்டும் என்று ஒரு கட்சி. அவன் விடாமல் கடைசிக் கூறையும் தூக்கி வைத்தான். அது அவன் அம்மா பெயருக்கு விழுந்த கூறு. எண் ஏறிக்கொண்டே போனது, எல்லாவற்றையும்விட அதிகம்.

“பேட்டரி போயிடுச்சு மாமா” என்று அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டான்.