கார் கன்னமிடலில் மந்தி மரபு: போடிமெட்டுச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

திருட்டைச் சாத்திரமாகவே வளர்த்தவர்கள் நம் முன்னோர். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன், கள்வருக்குத் துணைகள் எட்டு என்று காவலருக்குப் பாடம் நடத்தியே கோவலன் உயிருக்கு உலை வைக்கிறான். வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தில் சர்விலகன் சுவரில் கன்னம் வைக்குமுன் பூணூலால் அளவெடுத்துக்கொள்கிறான். இத்தனை வளமான மரபில், நின்றிருக்கும் காருக்குள் கைவைப்பது பற்றி ஒரு சூத்திரம்கூடக் கிடையாது. இப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

களம், போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை. கொண்டை ஊசி வளைவுகள் 17. கள்வர், நாட்டுக்குரங்கு. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் என்பதால், இது கலப்பற்ற மண்ணின் கலை.

பொற்கொல்லன் சொன்ன எட்டில் மந்திரம், மருந்து முதலியவற்றை நம் கள்வர் தொடுவதில்லை. இடமும் காலமும் போதும். அவை அமையும் விதம் கவனிக்கத்தக்கது. சமவெளிக்காரர் ஐந்தாம் வளைவு வரை போட்டோ எடுப்பார். ஒன்பதாவதில் பின்சீட்டில் பேச்சு அடங்கும். எலுமிச்சம்பழம் கைமாறும். பதினொன்றில், "கொஞ்சம் ஓரங்கட்டுங்க" என்று ஈனக்குரல் ஒன்று எழும். வண்டி நிற்கும். காற்றுக்காக இறக்கிய கண்ணாடி இறக்கினபடியே கிடக்க, குடும்பம் மொத்தமும் ஒருவர் முதுகைத் தடவிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் திரும்பி நிற்கும். இதைவிட நல்ல முகூர்த்தம் எந்தக் கள்வனுக்கு வாய்க்கும்?

சான்று ஒன்று. ஏலக்காய் வியாபாரியான என் மைத்துனரின் முன்சீட்டில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் 8 எம்.எம். காய் சாம்பிள், மற்றதில் மிக்சர். கிலோ 7,000 ரூபாயை 2019 ஆகஸ்டில் தொட்ட காய் அது. போடியில் பிள்ளைக்கு அடுத்தபடி பொத்திவைக்கப்படும் பொருள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது மந்தி ஒரு காயைப் பல்லில் வைத்து உடைத்து, முகர்ந்து, தும்மியது. மீதியைச் சீட்டுக்கடியில் கொட்டியது. பிறகு மிக்சரில் வேர்க்கடலையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு, காராபூந்தியை ஸ்டியரிங்மேல் இறைத்துவிட்டு இறங்கிப் போனது.

"மோந்து பாத்துட்டு வேணாம்னுட்டுப் போகுது மாப்ள. அதுவும் எட்டு எம்.எம். காயை!" என்றார் மைத்துனர். விலையுள்ள பொருள் ஒன்றும் போகவில்லை, மானம்தான் போயிற்று. கூட வந்தவர்கள் வாந்தியை மறந்து சிரித்தார்கள். கார்த் திருட்டில் நகைச்சுவை பிறக்கும் இடம் இதுவே என்பது என் துணிபு. மனிதக் கள்வன் நம் பொருளுக்கு நாம் சொல்லும் விலையை ஒப்புக்கொண்டு எடுத்துப் போகிறான். மந்தி அந்த விலைப்பட்டியலையே கிழித்துப்போடுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. பாலித் தீவின் உலுவாத்து கோயில் குரங்குகள், செல்போன் போல மனிதர் பெரிதாக மதிக்கும் பொருளாகப் பார்த்துத் தூக்கி, நல்ல தீனி கொடுத்தால்தான் விடுகின்றன என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது திருட்டல்ல, அடகுக்கடை. போடி மரபு இன்னும் அந்தத் தாழ்வுக்கு இறங்கவில்லை.

சட்டத்தையும் பார்த்தேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவுப்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதன்முறை தண்டனை பெறுபவர் பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவையோடு போயிற்று. மிக்சர் அந்த வரம்புக்குள் அடங்கும். எதிரிக்கு முன் தண்டனையும் இல்லை. ஆனால் திருப்பித் தரப்படும் கடலை எங்கிருந்து வெளிவரும் என்று நினைத்தால், புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கிவிடுவார்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் இந்தப் பாச்சா பலிப்பதில்லை. அவற்றில் ஏற்றி இறக்கக் கண்ணாடியே கிடையாது, தார்ப்பாய்தான். ஆனால் தினம் மலையேறும் பெண்களுக்குத் தலையும் சுற்றாது, மடியிலிருக்கும் தூக்குவாளியின் மூடியைவிட்டுக் கையும் விலகாது.

இந்தக் கலைக்குப் புரவலர் நாம்தான். வண்டியை நிறுத்தி நிறுத்தி வாழைப்பழம் எறிந்தே காட்டில் இரைதேடியவற்றைச் சாலைக்கு இழுத்துவந்திருக்கிறோம். ஆகவே மலையேறும் வாசகர்கள் தயவுசெய்து தீனி போடாதீர்கள். முந்தலிலேயே மிக்சரை டிக்கிக்கு மாற்றிவிடுங்கள். குமட்டினால் முதலில் கண்ணாடியை ஏற்றுங்கள், அப்புறம் இறங்குங்கள். ஏலக்காயை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.