ஃபோர்மேன் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை

அமீரகத்தில் முசாஃபாவிலோ ஜெபல் அலியிலோ ஏதாவது ஒரு சைட்டில் விடிகாலையில் எட்டிப் பாருங்கள். நம் ஃபோர்மேன் அண்ணன் டூல்பாக்ஸ் டாக் என்ற பாதுகாப்புப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். தமிழ், இந்தி, மலையாளம் மூன்றையும் பிசைந்த பாஷை. கையில் ஒற்றை சேஃப்டி ஷூ.

"இந்த முனையில இருக்கிற இரும்பு கேப் 200 ஜூல் அடியைத் தாங்கும். 20 கிலோ சாமான் ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தாலும் விரல் தப்பிச்சிரும், புரியுதா?"

ஐஎஸ்ஓ 20345 என்ற தர எண் அவருக்குச் சொந்த ஊர் பின்கோடு மாதிரி அத்துப்படி. எஸ்1பி என்றால் அடியில் ஆணி ஏறாது. எஸ்3 என்றால் தண்ணீரும் லேசில் உள்ளே போகாது. லேஸ் அவிழ்ந்த பையன் கண்ணில் பட்டால் தொலைந்தான்.

2022-இல் அமீரக அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது, அண்ணன் கம்பெனியும் வெள்ளியை விட்டு ஞாயிறுக்கு வந்தது. ஷார்ஜா அல் நஹ்தா ஃபிளாட்டின் பால்கனியில் அவர் நடத்தும் பட்டறையும் கூடவே ஞாயிறுக்கு வந்துவிட்டது. டிராகன் மார்ட்டில் பேரம் பேசி வாங்கிய கிரைண்டர், சைட் நண்பர் ஊருக்குப் போகும்போது தள்ளிவிட்ட ஹேமர் டிரில், மடித்துக் கட்டிய லுங்கி, காலில் ஹவாய் செருப்பு. பாதுகாப்புச் சாதனம் என்று தேடினால், செருப்பு வார் பிய்ந்த இடத்தில் குத்தியிருக்கும் சேஃப்டி பின் ஒன்றுதான்.

இந்த வார வேலை: இரும்பில் ஒரு ஷூ ஸ்டாண்டு.

கம்பெனி கொடுத்த புது ஜோடி எங்கே? ஊருக்குப் போகும் அட்டைப்பெட்டியில், டாங் பவுடருக்கும் கோடாரித் தைலத்துக்கும் நடுவில். மன்னார்குடி மச்சான் அதைப் போட்டுக்கொண்டுதான் புல்லட்டில் கல்யாண வீடுகளுக்குப் போவார். பாதுகாப்புச் சாதனங்களை முதலாளி தர வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். பால்கனிக்கு யார் முதலாளி என்று கேட்டால், அண்ணன் சமையலறைப் பக்கம் கை காட்டுவார்.

"ஏங்க, சைட்டுக்குப் போடுற பழைய ஷூவையாவது மாட்டிக்கக் கூடாதா?" என்று அங்கிருந்து குரல் வரும்.

"வீட்டுக்குள்ள யாராவது ஷூ போடுவாங்களா? லட்சுமி இருக்கிற எடம்மா!"

நிமிடத்துக்கு 11,000 முறை சுற்றும் டிஸ்க் இரும்பைத் தொட்டதும் பொறி பறக்கிறது. புறங்காலில் நாலு விழுந்ததும் அண்ணன் ஒற்றைக் காலில் ஓர் ஆட்டம் போடுகிறார். கிரைண்டரை வைத்துவிட்டு டிரில்லை எடுக்கிறார். வியர்த்த கை வழுக்குகிறது. 3 கிலோ எடை, இடுப்பளவு உயரம். அடி 30 ஜூலைத் தாண்டியிருக்காது. இரும்பு கேப் தாங்கும் சக்தியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஷூ இருந்திருந்தால் 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு முடிந்திருக்கும். கட்டை விரலோ கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

கீழே ஃபார்மசியில் மலையாளி மருந்தாளர் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டே கேட்டார்: "எந்து பற்றி, சேட்டா?"

"சேஃப்டி ஷூ கடிச்சிருச்சு."

அவர் கவுண்டர் மேல் எக்கி, சேஃப்டி பின் குத்திய ஹவாய் செருப்பை ஒரு தடவை பார்த்தார். பில்லில் ஒரு பாக்கெட் வலி மாத்திரையையும் சேர்த்தார்.